தாடைக்குக் கீழே

ஒரு கடைவாய்ப் பல்லுக்காக வந்தவர்.
வீரமலை, ஐம்பத்தெட்டு,
தேயிலை ஸ்டோரில் அடுப்புக்கு விறகு தள்ளுகிறவர்.
இடது கன்னம் வீங்கிக் கண்ணை எட்டியிருந்தது.
மஃப்ளரை அவிழ்க்க மனமில்லை.
"குளிருதுங்க டாக்டரம்மா."
கழுத்தில் ஒன்றும் இருக்கக் கூடாதென்று
திலகசிறி தன் பாதித் தமிழில் கேட்டு வாங்கி
ஆணியில் மாட்டினான்.

நாடியைத் தாங்கியில் வைங்க.
குச்சியைக் கடிங்க.
அசையாதீங்க.
இயந்திரம் அவர் தலையைச் சுற்றி வந்தது,
பஸ்ஸுக்கு நேரமாகி
ஒரே சுற்றில் கோயிலை முடித்துக்கொள்கிற ஆளைப் போல.

படம் விழுந்தது.
முப்பத்திரண்டில் பத்தொன்பது மிச்சம்.
மேல்வரிசையில், வேரடியில், கறுப்பாய்ச் சீழ்ப்பை.
எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.
ஊசி போட்டுக் கன்னம் மரக்கக் காத்திருந்த நேரம்
கண் சும்மா இருக்காமல் கீழே இறங்கியது.
தாடை எலும்பு வளைகிற மூலையைத் தாண்டி,
கழுத்தின் மூன்றாம் நான்காம் எலும்புக்கு நேராக,
பல்லுக்கு வேலையே இல்லாத இடத்தில்
வெள்ளையாய்
இரண்டு குருணை.

நாவடி எலும்பின் நுனியாக இருக்கலாம்.
குரல்வளைக் குருத்தெலும்பாக இருக்கலாம்.
தூசியாகவும்.
திரையைத் துடைத்தேன். என் கண்ணாடியையும்.
போகவில்லை.
மூளைக்கு இரத்தம் ஏறுகிற குழாயின் சுவரில்
சுண்ணாம்பு கட்டினால் இப்படித் தெரியும் என்று
பேராதனையில், மூன்றாம் வருடம்,
மத்தியானச் சோற்றுக்குப் பிந்திய விரிவுரையில்
அரைத்தூக்கத்தில் கேட்டது.

பல்லைப் பிடுங்கினேன். மூன்று வேர், முழுசாய் வந்தது.
பஞ்சைக் கடித்தபடி எழுந்துகொண்டார்.
"இருங்க. கழுத்துல, இரத்தக் குழாய்ல,
கல்லு மாதிரி ஏதோ தெரியுது.
நிச்சயமில்ல. கண்டிக்குப் போய் ஒரு ஸ்கேன்..."
வாய் நிறையப் பஞ்சு. பதில் சொல்ல வழியில்லை.
விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார்.
போக ஒரு நாள், ஒரு பேர் போச்சு.
ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள்.
பஸ், சாப்பாடு, கூட வரும் ஆள்.
ஒரு கை போதாமல் மறு கைக்குப் போனார்.
பிறகு கழுத்தைத் தடவிப் பார்த்து,
வலிக்கவில்லையே என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

வலிக்கிறவர்களுக்கு இங்கே வரிசை இருக்கிறது.
வலிக்காததற்கு எந்த ஜன்னலில் துண்டு கொடுப்பார்கள்?

பிரஷர் பார்த்தோம். நூற்றெழுபத்தெட்டு.
பீடி எத்தனை என்றேன்,
மடக்கிய விரலெல்லாம் விரிந்தன.
கடிதம் எழுதிக் கொடுத்தேன், அவர் படிக்க முடியாத மொழியில்.
சட்டைப் பையில் நாலாய் மடித்து வைத்தார்.
மஃப்ளர் ஆணியிலேயே தொங்கியது.

எல்லாரும் போன பிறகு பழைய படங்களைத் திறந்தேன்.
நான்கு வருடம், அறுநூற்றுச் சொச்சம் வாய்.
நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவ,
பல்லை மட்டும் பார்த்துவிட்டு நான் மூடியவை.
பலதில் ஒன்றுமில்லை.
சிலதில் தெரியவில்லை, எனக்குத் தெரியவில்லை.
ஒன்பது மணிக்குக் கரண்ட் போய், வந்து,
மறுபடி திறந்தபோது
அந்தோனியம்மா, அறுபத்தொன்று,
பல் செட்டுக்கு அளவு கொடுத்தவர்.
கூடைக்கயிறு நெற்றியில் போட்ட தழும்பு படத்தில் விழாது;
கழுத்தெலும்பு முன்னுக்குச் சாய்ந்தது விழுந்திருந்தது.
அதன் பக்கத்தில், இரண்டு பக்கமும்,
குருணை இல்லை, பயறு.
கீழே நான் தட்டியிருந்த வரி:
வேறு விசேஷம் ஒன்றுமில்லை.

செட்டை வாங்க அவர் வரவேயில்லை.
காசு சேரவில்லையாக்கும் என்று நினைத்தேன்.
அலுமாரியில், பெயர் ஒட்டிய டப்பாவில்,
இரண்டு வருடமாக அது சிரித்துக்கொண்டிருக்கிறது.

நம்பர் இருந்தது. அடித்தேன்.
நேரம் கெட்ட நேரம் என்பது மணி அடித்த பிறகுதான் உறைத்தது.
மகன் எடுத்தான்.
பல் டாக்டர் என்றேன், அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.
கொஞ்சம் சத்தமில்லை. டிவி மட்டும் கேட்டது.
"அம்மாவுக்குப் பேச்சு வராதுங்க,
போன வருசத்துல இருந்து."
நான் ஏதோ சொல்ல வாயெடுக்க,
அவன் அவசரமாக, மரியாதையாக:
"பல்லு கட்டியாச்சுங்களா, மிஸ்?
நாளைக்கே வந்து எடுத்துக்கவா?"